சோம்பலா, வியாதியா?



கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவனை எவரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. ஆனால் கட்டும் இல்லை, காய்ச்சலும் இல்லை, இரத்தப் பரிசோதனையில் குற்றமும் இல்லை. ஆயினும் எழுந்து தலைவாரக்கூடச் சக்தியில்லை என்கிறவர்களைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம்? என்ன நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்? இது வைத்தியரை மட்டும் சேர்ந்த கேள்வியன்று. எட்டாம் கற்பனையையும் சேர்ந்தது.

இப்படி ஒரு வியாதி உண்டு. நாட்பட்ட களைப்பு நோய் என்பார்கள். பல பேருக்கு ஒரு சாதாரணச் சுரத்துக்குப் பின் தொடங்கும். தூங்கியும் தீராத அயர்வு, உடல்வலி, ஞாபக மந்தம், நின்றால் தலைசுற்றல் ஆகியவை இதன் குறிகள். இதற்கே உரிய அடையாளம் வேறொன்று. சிறிது உழைத்தாலும் அதன் பலன் அன்றே தெரியாமல், மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து ஆளைக் கிடத்திவிடும். சில சமயம் வாரக்கணக்கில் கிடத்தும். நாம் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். ஞாயிறு பூசைக்கு வந்து சிரித்துப் பேசிய பெண்மணியை ஊரே பார்க்கிறது. திங்களும் செவ்வாயும் ஜன்னலைச் சாத்தி இருட்டில் கிடப்பதை வீட்டாரைத் தவிர ஒருவரும் பார்ப்பதில்லை. "கோயிலுக்கு வர முடிகிறது, அடுப்படிக்குப் போக முடியாதாக்கும்!" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுகிறோம்.

படித்தவர்களும் இதில் தவறினார்கள். 1955-ம் ஆண்டு ஜூலை மாதம் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் ஒரு நோய் பரவிற்று. நோயாளிகளை அல்ல, பெரும்பாலும் ஊழியர்களையே அது பிடித்தது. 292 பேர் விழுந்தார்கள். அவர்களில் 255 பேரைப் படுக்கையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியையே ஜூலை 25 முதல் அக்டோபர் 5 வரை மூடினார்கள். சிலர் நெடுங்காலம் குணமாகவில்லை. 15 வருடங்களுக்குப் பிறகு, 1970-ல், மனநோய் வைத்தியர் இருவர் பழைய குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, அது பெண்களிடையே பரவிய கூட்ட மனக்கோளாறு என்று எழுதினார்கள். விழுந்தவர்களில் பெண்களே அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று! நோயாளிகளை நேரில் பரிசோதிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. பல ஆண்டுகள் இந்நோயாளிகள் அதைச் சுமந்தார்கள். 2015-ல் அமெரிக்க வைத்திய நிபுணர் குழு ஒன்று, 9000-க்கு மேற்பட்ட கட்டுரைகளை அலசி, இது உடலைப் பற்றிய கடும் நோயே என்று அறிக்கையிட்டது. அந்நாட்டில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இதனால் வருந்துவதாகவும் கணித்தது. 2019 இறுதியில் தொடங்கிய கொரோனாத் தொற்றுக்குப் பிறகு, இதே விதமான அயர்வு உலகெங்கும் மிகப் பலருக்குக் கண்டிருக்கிறது.

சோம்பல் ஏழு தலையான பாவங்களில் ஒன்று, மெய்தான். அது என்ன பாவம்? அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் அதை நன்மையைக் கண்டு ஆத்துமம் கொள்ளும் சலிப்பு என்று விளக்குகிறார். உடம்பின் இயலாமைக்கு அந்தப் பெயர் இல்லை. சோம்பேறிக்குச் சக்தியிருக்கும், மனதிராது. இவர்களுக்கோ மனம் இருக்கிறது, சக்தியில்லை. சற்றுத் தெம்பு வந்த அன்றைக்கு, தேங்கிய வேலையை எல்லாம் ஒரேயடியாகச் செய்துவிட்டு அடுத்த வாரம் முழுதும் அனுபவிக்கிற சோம்பேறியை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

"நடிக்கிறவர்களும் உண்டே, சுவாமி, எல்லாவற்றையும் நம்பினால் வீடு என்னாகும்?" என்பீர்கள். நடிக்கிறவர்கள் உண்டு. இதற்கும் அதே அர்ச்சியசிஷ்டர் வழி காட்டுகிறார். சந்தேகமான காரியத்தை நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கெட்டவனைப் பலமுறை நல்லவனென்று நினைத்து ஏமாறினாலும், நல்லவன் ஒருவனைக் கெட்டவனென்று நினைப்பதைவிட அது மேல். ஏனெனில் பின்னதில் ஒருவனுக்கு அநியாயம் செய்யப்படுகிறது. கணக்குப் பாருங்கள்: நடிப்பவளை நம்பினால் உங்களுக்கு நாலு நாள் பாத்திரம் தேய்க்கிற வேலை மிஞ்சும். மெய்யான நோயாளியை நம்பாவிட்டால், வியாதியோடு அவமானமும் சேர்ந்து அவள் தலையில் ஏறும்; பழிக்கு அஞ்சி எழுந்து உழைத்து, இன்னும் கேடாகப் படுப்பாள். வயதானவர்களுக்குச் சந்தேகம் அதிகம், அனுபவத்தால் வருவது அது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். மாமியார்மார் கோபிக்க வேண்டாம்.

யோபுவின் சிநேகிதரைப் பாருங்கள். ஏழு நாள் வாய் திறவாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்களைப் போல நல்லவர் இல்லை. எட்டாவதாகக் காரணம் சொல்லத் தொடங்கினார்கள். அதன்பின் அவர்களால் அவனுக்கு வேதனைதான்.

ஆகவே, "கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும்" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் அப்படிப் படிப்படியாக உழைப்பை ஏற்றும் சிகிச்சையை நெடுநாள் சிபாரிசு செய்தவர்களே 2021-ல் அதைக் கைவிட்டார்கள். வீட்டில் இப்படிப்பட்டவர் இருந்தால், முடிகிற நாளிலும் பாதி வேலையோடு நிறுத்தச் சொல்லுங்கள். பார்க்கப் போகிறவர்கள் கால்மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். பேச்சும் அவர்களுக்கு உழைப்பே. குழம்போ ரசமோ கொண்டுபோனால் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டு அனுப்பாதீர்கள்.

நோயாளிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எழ முடியாதவரை ஞாயிறு பூசைக் கடன் கட்டுப்படுத்தாது. பூசைக்கு வராததைப் பாவசங்கீர்த்தனத்தில் வந்து சொல்லி அழ வேண்டியதில்லை. முதல் வெள்ளி காலையில் திவ்விய நற்கருணை வீடுகளுக்குக் கொண்டுவருகிறேன். உபதேசியாரிடம் பெயரைச் சொல்லியனுப்புங்கள். வைத்தியச் சீட்டு எதுவும் கேட்கமாட்டேன். கதவு திறக்க நீங்கள் எழுந்து வரவேண்டாம், தாழிடாமல் சாத்தி வைத்தால் போதும்.