துணியில் தங்கியது

நீரை வடிகட்டிப் பருகுதல் சாவக ஒழுக்கத்தின் தொடக்கப் பாடம். அதன் பிற்பாதியை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, நீர் எடுத்த கிணற்றிலேயே மெல்ல இறக்கிவிடல் வேண்டும்; வேற்று நீரில் விட்டால் அவை மடியும். குழாய் நீர் வந்தபின் இவ்வழக்கம் ஒழிந்தது. பருகிய நீருக்கு மட்டுமன்றித் துணியில் தங்கியதற்கும் நாமே பொறுப்பு என்பது இதன் கருத்து.

இக்கருத்தோடு ஆரணிக்கு வடக்கேயுள்ள இராணிப்பேட்டையை நோக்குவோம். அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு வெட்டவெளியில் விடப்பட்டது. மழை அதனைக் கரைத்து நிலத்தடி நீரில் சேர்த்தது.

குரோமியத்தில் ஒரு வகை நீரில் எளிதிற் கரையும், புற்றுநோய் விளைக்கும். அன்னபேதியிட்டால் அது நச்சு குறைந்த மற்றொரு வகையாக மாறும். பின்னர்ச் சுண்ணாம்பு சேர்த்தால் கசடாகப் படிந்து, மேல்நீர் தெளியும். அன்னபேதியும் சுண்ணாம்பும் நம் பாட்டிமார் அறிந்த பொருள்களே. தெளிந்த நீரைக் காட்டிப் பணி முடிந்தது என்கின்றனர். உலோகம் ஒரு தனிமம், அது அழிவதில்லை. நீரிலிருந்து கசடுக்கு இடம் மாறியது, அவ்வளவே. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து, அருகே உறங்கிய தொழிலாளர் 10 பேர் மாண்டனர். நீரைத் தூய்மை செய்ய அமைத்த நிலையம் அது!

நாம் தோலைத் தொடுவதில்லை, நமக்கென்ன என்பார் உளர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்று கற்றவர் இவ்வாறு பேசலாகாது. (பட்டூரில் வாழும் நமக்குக் கூட்டுப்புழுவைப் பற்றிய வினாவே இன்னும் தீரவில்லை, அது தனிக் கட்டுரைக்கு உரியது.) துறவோர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று உத்சர்க்க சமிதி. கழிவையும் உயிர்க்கு ஊறு நேராத இடம் ஆராய்ந்தே இடுதல் வேண்டும் என்பது அது. கழிவை இடுவதையே ஒரு நோன்பாக வகுத்தனர் நம் ஆன்றோர்.

தோல் பதனிடும் நீரிலுள்ள குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மீண்டும் பதனிடவே பயன்படுத்தும் முறை உண்டு. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதனைப் பரப்பியது. அத்தொழிலை நாம் ஏற்காவிடினும், எடுத்த கிணற்றிலேயே விடுதலை ஒத்த இம்முறையைப் போற்றுகிறோம். இராணிப்பேட்டைக் கழிவு மேட்டுக்கு இவ்வெளிய வழி இல்லை. மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என 1996இல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூடிய ஆலையிடம் அதனைக் கேட்பது எளிதன்று. நடக்கின்ற தொழிலிடம் கேட்கலாம். நம்மூர்ச் சாயப்பட்டறைகளில் நீர் தெளிந்ததா என்று வினவுவோர், கசடு எவ்விடம் செல்கிறது என்றும் உடன் வினவுக.