மழையும் அதன் சாட்சிகளும்

உலகின் சராசரி மழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர் என்கிறது விஞ்ஞானம். இந்த மழையில் நனைந்தவர் யாருமில்லை. எவருடைய அனுபவத்திலும் இல்லாத ஒன்றை எந்தப் பிரமாணத்தின் பேரில் உண்மை என்று ஏற்பது?

சாட்சிகள் மூன்று. மழைமானி மழையை நேரடியாக வாங்கி அளக்கிறது. ஆனால் உலகத்து மானிகளின் வாய்களையெல்லாம் சேர்த்து வைத்தாலும் ஒரு கால்பந்து மைதானம் நிரம்பாது. காற்றடித்தால் அதிலும் ஒரு பங்கு வெளியே போய்விடும். பூமியின் 71 சதவீதமான கடலில், சில தீவுகளும் மிதவைகளும் நீங்கலாக, அதற்கு இடமேயில்லை. இரண்டாவது, அகச்சிவப்புக் கதிரில் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள். அது காண்பது மேக உச்சியின் குளிர்ச்சியை. மழை என்பது அதிலிருந்து செய்யும் அனுமானம். பெய்யாத உயர்மேகத்தை மழை என்று சொல்லிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தாழ்ந்த மேகம் கொட்டுவதைத் தவறவிடும். மூன்றாவதான நுண்ணலைக் கருவி மேகத்துக்குள்ளிருக்கும் துளியையும் பனியையும் உணர்கிறது. ஆனால் எப்போதாவது கடந்துபோகிற சாட்சி அது.

1986ல் நிறுவப்பட்ட உலக மழைப்பொழிவுக் காலநிலைத் திட்டம் இம்மூன்றையும் இணைத்து, 1979லிருந்து மாதவாரிக் கணக்கைத் தருகிறது. எவருடைய பிழை அதிகமோ அவருடைய சொல்லுக்கு எடை குறைவு என்பதே அதன் நியாயம். யாரையும் பொய்யன் என்று துரத்துவதில்லை. யாரையும் முழுக்க நம்புவதுமில்லை. முடிவான எண்ணோடு அதன் உத்தேசப் பிழையையும் வெளியிடுகிறார்கள். நம் விமர்சகர்களில் எத்தனை பேர் தீர்ப்போடு இதையும் சேர்த்துத் தருகிறார்கள்?

இருந்தும் ஒரு சங்கடம் பாக்கி. நிலப்பரப்பில் செயற்கைக்கோளின் கணக்கை மானியைக் கொண்டே திருத்துகிறார்கள். சாட்சியே நீதிபதியுமாகிவிடுகிறது. மானிகள் அருகிப்போன காங்கோப் படுகை போன்ற இடத்தில் திருத்தவும் ஆளில்லை.

வங்கி மேஜையில் உட்கார்ந்தவனுக்கு ஒன்று தெரியும்: இரண்டு தப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்தாலும் கூட்டல் நேராகிவிடும். சராசரியும் அப்படித்தான். ஓரிடத்தில் கூட்டிச் சொன்னது இன்னோரிடத்தில் குறைத்துச் சொன்னதோடு கழிந்துவிடுகிறது. உலகுக்குச் சரியான எண் ஒரு வயலுக்குக்கூடச் சரியாக இல்லாதிருக்கலாம்.

இது வெறும் தர்க்க விளையாட்டல்ல. ஆப்பிரிக்காவில் செயற்கைக்கோள் மழைக் கணக்கை வைத்துப் பயிர்க் காப்பீடு வழங்கும் திட்டங்கள் உண்டு. வரைபடத்துக் கட்டத்தில் மழை பெய்ததாக எண் சொல்லும். கட்டத்துக்குள்ளே ஒருவன் பயிர் கருகி நிற்கும். அவனுக்குப் பணம் கிடைக்காது. அவனுடைய பிரத்யட்சம் நம்முடைய பிழை விகிதத்துக்குள் அடங்கிப்போகிறது.

தன் பிழையைச் சொல்கிறவனே நம்பத்தக்க சாட்சி என்பது சரி. ஆனால் சொல்லிவிட்டதாலேயே பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. அந்தப் பிழை யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதும் அளப்பவன் வேலைதான். கருகிய வயலின் சொந்தக்காரனையும் சாட்சிக்கு அழைக்காத கணக்கு, எத்தனை நேர்மையானதாக இருந்தாலும், பாதி விசாரணையே.