அறவுணர்வின் தோற்றமும் மருமக்கள்வழியும்

மக்களிடத்துள்ள அறவுணர்வு யாங்ஙனந் தோன்றிற்று என்பது உயிர்நூலார் பெரிதும் ஆராயும் பொருள். கூடிவாழும் விலங்குகட்கு இயல்பாகிய ஒட்டுணர்வே, அறிவு வளருங்கால் மனச்சான்றாக முதிரும் என்று 1871-இல் டார்வின் என்னும் அறிஞர் எழுதினார். ஓருயிர் தன் குருதிச் சுற்றத்தைப் பேணுதல் தன் மரபணுக்களைப் பேணுதலேயாம் என்று 1964-இல் ஹாமில்டன் என்பார் கணக்கிட்டுக் காட்டினார். இவற்றைக் கேட்ட அன்பர் சிலர், அறம் விலங்கினின்றும் வந்ததாயின் அதன் பெருமை குன்றாதோ என அஞ்சுவர்.

அவ்வச்சம் வேண்டா. பன்றிக்குட்டிகட்குத் தாயாகி முலையூட்டிய பெருமானை வழிபடுவார்க்கு விலங்கின் தாயன்பு இழிவாமாறில்லை. தனுகரணங்கள் மாயையின் காரியம் என்பது நம் சித்தாந்தம். ஆகலின், அன்பிற்கு வாயிலாகிய கருவி படிப்படியே அமைந்தது என்றலும் நமக்கு இழுக்கன்று. சுற்றத்தின்மேற் செல்லும் அப்பற்றே அறமாமோ என்பதுதான் ஈண்டு ஆராயற்பாலது.

இதற்கு நம் நாஞ்சில் நாட்டு வழக்கே நல்ல சான்று. இந்நாட்டு வேளாளரிடை மருமக்கள்வழியுரிமை நெடுங்காலம் வழங்கிற்று. காரணவர் சொத்து உடன்பிறந்தாள் மக்களைச் சேரும். பெற்ற மக்கட்கு உகந்துடைமை என ஒரு பகுதியே கிட்டும். ஹாமில்டன் கணக்கிலோ மகன் இரண்டிலொரு கூறு உறவு. உடன்பிறந்தாள் மகன் நான்கிலொரு கூறே. தந்தை இன்னாரென்பது ஐயமாகிய குடிகளில் உடன்பிறந்தாள் மகனே தெளிந்த சுற்றம் என்று உயிர்நூலார் விடைகூறுவர். நாஞ்சில் வேளாளர் மனைவியோ கணவன் மனையிலேயே வாழ்ந்தவள். அவ்விடை ஈண்டுச் செல்லாது. பற்றினை வழக்கம் அடக்கியாண்டது என்பதே தெளிவு.

1926-இல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மக்கட்கும் உரிமை வகுத்தது. இறுதியில் குருதியே வென்றதன்றோ எனின், அற்றன்று. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் மருமக்கள்வழி மான்மியத்தில் துயருற்ற ஒரு மனைவியின் வாயிலாகவே வழக்குரைத்தார். மனைவி கணவனுக்குக் குருதிச் சுற்றமல்லள். கேட்டு இரங்கினார்க்கோ அவள் யாருமல்லள். அவள் பக்கம் நியாயம் உண்டெனக் கண்டது நடுவுநிலைமை.

திருவாரூரில் மனுநீதிச் சோழர் கன்றிழந்த ஆவின் பொருட்டுத் தம் ஒரே மைந்தன்மேல் தேரூர்ந்தார். மைந்தன்மேற் பற்று அவர்க்கு இல்லாமலில்லை. அப்பற்றையும் நிறுத்துப்பார்க்கும் ஒரு கோல் அவரிடம் இருந்தது. பற்றுப் பிறந்த வரலாற்றை உயிர்நூல் உரைக்கும். எப்பற்றுக்கு எத்துணை இடந்தருவது என்பதை அது உரைக்கமாட்டாது. கண் அமைந்த வரலாற்றை அறிந்த துணையானே, அக்கண் கண்ட பொருள் பொய்யாகிவிடாது.

எனதென்னும் முனைப்பு மலத்தின் செயல். அது தளர்தல் அருளின் செயல். பாகம் பிரிக்கும் முற்றத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் தன் பிள்ளைக்கும் அயலான் பிள்ளைக்கும் ஒருவன் ஒரே கோல் பிடிப்பானாயின், அறம் அவனிடத்தே அன்று தோன்றிற்றென அறிக.