பள்ளத்தில் நின்ற பிளம்ஸ் மரம்



வத்தலக்குண்டிலிருந்து நம் கொடைக்கானலுக்குப் பேருந்தில் வரும்போது சன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். அடிவாரத்தில் மாவும் புளியும். வளைவுகள் ஏற ஏற மலைவாழையும் காப்பியும். இன்னும் மேலே வந்தால் பிளம்ஸ், பேரி. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறைகிறது. அதற்கேற்ப மரமும் மாறுகிறது. 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் மாங்கன்றை நட்டுவிட்டு, காய்க்கவில்லையே என்று யாரும் அதைத் திட்டுவதில்லை.

ஒரே தோட்டத்துக்குள்ளும் இப்படித்தான். பங்கு இல்லத்தின் பின்னால் ஒரே நாளில் நட்ட இரண்டு பிளம்ஸ் ஒட்டுக்கன்றுகள் உண்டு. தெற்கு பார்த்த கற்சுவரை ஒட்டி ஒன்று. சரிவின் அடியில், ஓடைப் பக்கத்துப் பள்ளத்தில் மற்றொன்று. சுவரோரத்து மரம் மே மாதம் வந்தால் கிளை தாழக் காய்க்கும். பள்ளத்து மரமோ பூப்பதோடு சரி. மூன்று ஆண்டு பார்த்தேன். வெட்டிவிடலாம் என்று அரிவாளோடு போனேன்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் தடுத்தார். "சாமி, மரத்துல குறை இல்ல. அது நிக்கிற எடம் பனிக்குழி." பிறகு விளக்கினார். மேகமில்லாத தை மாத இரவில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குமாம். விடியும்போது அங்கே புல் வெளுத்து, பூவெல்லாம் கருகியிருக்கும். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கற்சுவரோ இரவில் அந்தச் சூட்டைத் தன் பக்கத்து மரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்.

இன்றைய நற்செய்தியில் கனி தராத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரர் கெஞ்சியதைக் கேட்டோம். மூன்று ஆண்டாகக் கனியில்லை, வெட்டிவிடு என்று கணக்குச் சொன்னவர் தோட்டத்தின் உரிமையாளர். அந்த மரத்தின் வேரடி மண்ணைத் தொட்டவர் தோட்டக்காரர்.

என் பிரியமானவர்களே, நம் வீட்டில், நம் அன்பியத்தில், யாரை இப்படிக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நாம் சலித்துக்கொண்ட பிள்ளை யார்? இந்தக் கேள்வி எனக்கும்தான். ஞாயிறு திருப்பலிக்கு வராத ஒருவரை ஒருநாள் வழியில் நிறுத்திக் கடிந்துகொண்டேன். படுக்கையில் கிடக்கும் தாயைத் தனியாக விட்டு வர அவருக்கு வழியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் நிற்கும் இடத்தை நான் போய்ப் பார்க்கவே இல்லை. அதற்காக அவரிடமும் ஆண்டவரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

குளிர் முழுவதும் பகையும் அல்ல. போதிய குளிர் கிடைக்காவிட்டால் பிளம்ஸ் மொட்டுகள் ஒழுங்காக விழிப்பதே இல்லை. அதே குளிர் பூத்தபின் வந்து உறைபனியாகத் தேங்கினால்தான் கேடு. எந்த மரத்துக்கு எந்த வேளையில் எவ்வளவு என்பதை நம் ஆண்டவர் அறிவார். பள்ளத்தில் நின்று நடுங்கும் உங்களை அவர் சுவரோரத்து மரத்தின் பக்கத்தில் நிறுத்தி எடைபோட மாட்டார். உங்கள் பள்ளத்துக்கே இறங்கி வருவார்.

பெரியவர் அந்த மரத்தைப் பிடுங்கி இடம் மாற்றவில்லை. பள்ளத்தின் கீழ்ப்புறம் அடர்ந்திருந்த வேலிச்செடிதான் குளிரை அணை கட்டியதுபோல் தடுத்து வைத்திருந்தது. மூன்று முழ அகலத்துக்கு அதை வெட்டித் திறந்துவிட்டார். வந்த குளிர் தேங்காமல் ஓடைப் பக்கம் வழிந்து போனது. மரத்தடியைக் கொத்தி, இரண்டு கூடைத் தொழு எருவும் போட்டார்.

இன்று காலை திருப்பலிக்கு வருமுன் போய்ப் பார்த்தேன். மேல்கிளை இரண்டில் மிளகளவு பிஞ்சுகள் நிற்கின்றன.