எந்தக் கடிகாரம் மெய்?

கைக்கடிகாரம் தவறினால் கைப்பேசியைப் பார்த்துத் திருத்திக் கொள்கிறோம். கைப்பேசிக்கு நேரம் தருவதும் ஒரு கடிகாரமே. அதைத் திருத்த அதனினும் சிறந்த வேறொன்று உண்டு. இவ்வாறே மேலேறிச் சென்றால், இறுதியில் நிற்கும் கடிகாரத்தை எதனோடு ஒப்பிடுவது? காலத்தோடு என்றால், காலத்தைக் கண்டவர் யார்?

நெடுங்காலம் அந்த இறுதிக் கடிகாரமாக இருந்தது பூமி. நாளை 86,400 கூறாக்கி, ஒரு கூற்றை வினாடி என்றனர். ஆனால் கடல் ஓதங்களின் உராய்வால் பூமியின் சுழற்சி தளர்ந்து வருகிறது. 1955இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் சீசியக் கடிகாரத்தை இயக்கிக் காட்டினர். 1967இல், சீசியம்-133 அணுவுக்குரிய ஒரு கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலமே வினாடி என விதிக்கப்பட்டது. பூமி பதவி இழந்தது.

நம் சிந்தையைத் தொடும் செய்தி இனிமேல்தான் வருகிறது. இலக்கணம் கூறும் அணு அசைவற்றது. தாக்கம் எதுவும் படாதது. தனிச்சுழி வெப்பநிலையில் இருப்பது. அத்தகைய அணு எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. கையிலுள்ள அணுக்களோ ஓடுகின்றன, மோதுகின்றன, சுற்றுப்புற வெப்பமும் காந்தப் புலமும் அவற்றின் அதிர்வைச் சிறிது பிறழச் செய்கின்றன. ஒவ்வொரு பிறழ்வையும் தனித்தனியே கணக்கிட்டுக் கழித்தபின், கழிக்க இயலாமல் எஞ்சும் ஐயத்தையும் எண்ணால் எழுதி வைக்கிறார்கள். பிழையே இல்லை என்று கூறும் கடிகாரத்தை அங்கு எவரும் நம்புவதில்லை. தன் ஐயத்தின் அளவைச் சொல்வதே சான்றாக ஏற்கப்படுகிறது. (நம் மேடைப் பேச்சாளர்களுக்கு இவ்வழக்கம் ஏனோ பிடிப்பதில்லை.)

அவ்வாறாயின், மெய் என்பது வல்லுநர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடுதானா? நாம் அப்படிக் கருதவில்லை. வினாடி எவ்வளவு என்பது உடன்பாடு. கடிகாரங்கள் அதன்பின் காட்டுவது உடன்பாடன்று. 2010இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இரு அலுமினிய அயனிக் கடிகாரங்களுள் ஒன்றை 33 சென்டிமீட்டர் உயர்த்தினர். ஐன்ஸ்டீனின் கோட்பாடு கூறியவாறே, உயர்ந்தது சற்றே விரைந்து ஓடியது. எவரும் வாக்களித்து அவ்வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இரண்டும் பழுதற்றவை, அதனதன் இடத்துக்கு அதனதன் கணக்கே சரி. 2022இல் அதே நகரில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்ட்ரான்சிய அணுத்திரளை ஆராய்ந்தனர். அதன் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியுமே காலத்தை வெவ்வேறாக எண்ணின.