லைட் எரிகிறது, உயிர் எங்கே?

கோவை அவிநாசி ரோட்டு மண்டபமோ, பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்போ, கல்யாண வரவேற்பில் டி.ஜே. மேடை இன்று பழகிப்போன காட்சி. ஆடுகிறவர்களுக்குத் தெரியாத சங்கடம் ஒன்று சில நேரம் மேசைக்குப் பின்னால் நடக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது, லேப்டாப்தான் புதிது. யுஎஸ்பி வயரைச் செருகியதும் பட்டன்களில் சிவப்பும் நீலமுமாக லைட் எரிகிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. ஜாக் வீலைச் சுற்றினால் பாட்டு அசையவில்லை. "செத்துப்போச்சுங்க" என்று சவுண்ட் சர்வீஸ்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

செத்தது எது? சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது பழகிய கேள்வி.

முதலில் விவகாரத்தைப் பார்த்துவிடலாம். 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது 64 பிட்டாக மட்டுமே வந்தது. பெட்டியை லேப்டாப்போடு பேசவைக்கும் மென்பொருள்தான் டிரைவர்; பழைய 32 பிட் டிரைவருக்கு அதில் இடமில்லை. ஆப்பிளோ 2019லேயே, மேக் கணினிகளுக்கான கேடலினா இயங்குதளத்தோடு 32 பிட் மென்பொருள்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. புது டிரைவர் எழுதித் தர வேண்டியது பெட்டியைச் செய்த கம்பெனிதான். 1977இல் ஜப்பானில் தொடங்கிய டி.ஜே. கருவிக் கம்பெனியான வெஸ்டாக்ஸ் 2014இல் திவாலாகிவிட்டது. இனி யாரிடம் போய்க் கேட்பது?

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதத்தின் நாலாவது சூத்திரம் இந்த இடத்தைத் தொடுகிறது. உயிர் வேறு, மனம், புத்தி முதலான அந்தக்கரணங்கள் வேறு. ஆனாலும் மந்திரிகளோடு கூடித்தான் அரசன் ஆள முடியும் என்பதுபோல, கரணங்களோடு கூடித்தான் உயிருக்குக் காரியம் நடக்கும். கருவி எதுவும் கூடாமல் ஆணவ மலத்தால் மூடிக் கிடக்கும் நிலைக்குக் கேவலம் என்று பெயர். அங்கே அறிவும் இச்சையும் செயலும் அழிந்துவிடவில்லை; வெளிப்பட வழியில்லை, அவ்வளவே. கருவிகள் கூடினால் சகலம். மஞ்சள் முக்கோணத்தோடு கிடக்கும் பெட்டியையும் கேவலத்தில் கிடப்பதாகச் சொல்லத் தோன்றும். சித்தாந்தி உடனே மறுப்பார்: பெட்டியும் சடம், லேப்டாப்பும் சடம், டிரைவரும் சடம், சடத்துக்கு ஏது கேவலமும் சகலமும்? நியாயமான மறுப்பு. அறிவு இருப்பது ஜாக் வீலைச் சுற்றிப் பழகிய மனிதரிடம். வருஷக்கணக்காக ஒரே வீலில் கை பழகியவர் புதுப் பெட்டியின் முன் தடுமாறும்போது, மூடிக் கிடப்பது அவருடைய திறமைதான். அதுவும் அழிந்துவிடவில்லை.

பௌத்தர் வேறு வழியில் வருவார். மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், சக்கரம், அச்சு, நுகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இதில் தேர் எது என்று கேட்டார். கொங்கு விவசாயியிடம் இதற்குப் பதில் இருக்கிறது. கிணற்று மோட்டாருக்கு நாலு தரம் காயில் கட்டி, பேரிங்கும் இம்பெல்லரும் மாற்றிய பிறகும் அது அவருக்கு "அப்பா வாங்கின மோட்டார்". தண்ணி எடுக்கிறவரை அதே மோட்டார்தான்.

அந்தக் கணக்கில் பழைய கன்ட்ரோலரை எழுப்பவும் வழி உண்டு. மிக்ஸ் (ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் போடுவார்கள்) 2001 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம். பெட்டியின் பிளே பட்டனை அழுத்தினால் 144, 11, 127 என்பதுபோல மூன்று எண்கள் லேப்டாப்புக்குப் போகின்றன. அழுத்தியாயிற்று என்று சொல்வது முதல் எண், எந்தப் பட்டன் என்று சொல்வது இரண்டாவது, எவ்வளவு அழுத்தம் என்று சொல்வது மூன்றாவது. இந்த எண்கள் வந்தால் பாட்டை ஓட்டு என்று மிக்ஸுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இதுதான் மிடி, 1983இல் போட்டிக் கம்பெனிகளே கூடி ஒப்புக்கொண்ட பொது முறை. அதனால்தான் வெஸ்டாக்ஸ் போன பிறகும் அதன் விசிஐ-100 கன்ட்ரோலர் பிழைத்துக் கிடக்கிறது. சொந்த டிரைவரை நம்பிய பெட்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிலவற்றில் பட்டன் எழுந்துகொண்டாலும் உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டு ஊமையாகவே இருந்துவிடலாம்.

கைவிடாமல் கைமாற்றுவது எப்படி என்பதற்குக் கோயிலில் முன்மாதிரி உண்டு. 2025 பிப்ரவரியில் பேரூர் பட்டீசுவரர் கோயிலிலும், ஏப்ரலில் மருதமலையிலும் குடமுழுக்கு நடந்தது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வது ஆகம மரபு. மூர்த்தியின் கலையைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து வேறிடத்தில் பூசையைத் தொடர்வார்கள். வேலை முடிந்து, அஷ்டபந்தன மருந்து சாத்தியபின் பழைய இடத்திலேயே திரும்பச் சேர்ப்பார்கள். இடையில் பூசை நிற்பதில்லை. அந்த ஏற்பாட்டில் சாமிக்கு மட்டுமின்றி, நம்பி வருகிற சனத்துக்கும் மரியாதை இருக்கிறது. கடையைச் சாத்தும் கம்பெனிகள் செய்யத் தவறுவது இதைத்தான். டிரைவரின் மூலநிரலைப் பொதுவில் வைத்துவிட்டுப் போனால், நிரல் எழுதத் தெரிந்த யாராவது அதை எடுத்துக் கட்டியிருப்பார்கள். பாலாலயம் செய்யாமல் கோயிலைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோவது தர்மம் ஆகாது.

விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இன்னும் பல மேசைகளில் லேப்டாப் மாறப்போகிறது. பழைய கன்ட்ரோலரை இரும்புக்கடையில் எடைக்குப் போடும் முன் மிக்ஸை இறக்கி ஒரு தடவை செருகிப் பாருங்கள், காசு கேட்காது.