நடுகல்லும் நடுவோரின் பொறுப்பும்

இறந்தவரை நினைந்து வழிபட ஊரார் நிறுத்தும் கல் நடுகல். இலக்கணப்படி இச்சொல் வினைத்தொகை. நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என முக்காலத்துக்கும் விரியும். வீரக்கல் என்ற பெயர் மாண்டவரின் பண்பைச் சொல்கிறது. கணவனின் சிதையில் இறந்த பெண்ணுக்கு நடும் கல்லின் பெயரான சதிக்கல் மாண்ட விதத்தைச் சொல்கிறது. நடுகல் என்ற பெயரோ இருப்பவர்களின் செயலைச் சொல்கிறது. மாண்டவர் தமக்குத் தாமே கல் நட்டுக்கொள்வதில்லை. யாருக்கு நடுவது, எந்தச் செயலுக்காக நடுவது என்பதற்கு நடுவோரே பொறுப்பு.

கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, அதை எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுக்கிறது. துயரத்தின் வேகத்தில் ஒரே நாளில் முடிந்துவிடும் காரியமல்ல இது. பலர் கூடி, யோசித்துச் செய்யும் காரியம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட, தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்கள் இவ்வழக்கத்தின் பழமைக்குச் சான்று. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட ஒருவனுக்கு நடப்பட்டது.

நிரை மீட்டு இறந்தவனுக்குக் கல் நட்டார்கள். நிரை கவரப் போய் இறந்தவனுக்கும் நட்டார்கள். ஓர் ஊருக்கு வீரனாக இருந்தவன் பக்கத்து ஊருக்குக் கள்வன். அவனுக்கு நட்ட கல் கொள்ளையையும் சேர்த்துப் போற்றுகிறதா? செங்கம் வட்டாரக் கற்களின் எழுத்து இதற்கு ஓரளவு விடை தருகிறது. அரசனின் ஆட்சியாண்டு, மாண்டவன் பெயர், எந்தப் பூசலில் விழுந்தான் என்ற விவரம் ஆகியவற்றோடு பெரும்பாலான கற்கள் நின்றுவிடுகின்றன. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. நடந்ததை மட்டும் சொல்லி, புகழ்ச்சியை அடக்கும் இந்த ஒழுங்கு மதிக்கத்தக்கது. ஆனாலும் பறிகொடுத்த ஊரின் இழப்பைக் கவர்ந்தவனின் கல் சொல்வதில்லை. அந்தக் குறையை மறைத்துவிட்டு நடுகல் மரபைப் புகழ்வது நேர்மையாகாது.

யாரைப் போற்றுவது என்ற கேள்வியைத் தமிழில் மிக வெளிப்படையாக எழுப்பும் நூல் சிலப்பதிகாரம். வஞ்சிக் காண்டத்தின் காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன் தன் அரசியிடம் இரு பெண்களைக் குறித்துக் கேட்கிறான். ஒருத்தி, கணவன் வீழ்ந்தவுடன் உயிர்விட்ட பாண்டிமாதேவி. மற்றவள், பாண்டிய அரசனிடம் நீதி கேட்டு வென்ற கண்ணகி. இருவரில் யார் வியக்கத்தக்கவர்? பாண்டிமாதேவிக்கு வானுலகின் இன்பம் வாய்க்கட்டும், நம் நாடு தேடி வந்த பத்தினியைத்தான் நாம் வழிபட வேண்டும் என்று அரசி விடை சொல்கிறாள். கணவனோடு மாண்டவளை அவள் இகழவில்லை. ஆனால் கல்லை அவளுக்குக் கேட்கவும் இல்லை. இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீராட்டிய கல், அநீதியைக் கேள்வி கேட்டவளுக்குப் போய்ச் சேர்ந்தது. இரங்குவது வேறு, போற்றுவது வேறு என்ற அறநுட்பம் அரசியின் அந்த விடையில் இருக்கிறது.

பிற்காலச் சதிக்கற்களில் இந்த வேறுபாடு அழிந்துபோனது. தீயில் இறந்த பெண்ணைத் தெய்வமாக்கிய ஒவ்வொரு கல்லும், அடுத்துக் கணவனை இழக்கும் பெண்ணின் முன் ஓர் எதிர்பார்ப்பாக நின்றது. போற்றுதல் இங்கே இறந்தவளுக்குச் செய்யும் மரியாதை என்ற அளவில் நிற்கவில்லை, உயிரோடு இருப்பவளுக்கு இடும் கட்டளையாகிவிட்டது. 1987 செப்டம்பரில் ராஜஸ்தானின் தேவராலா கிராமத்தில் 18 வயதுப் பெண் கணவனின் சிதையில் இறந்தாள். அதைக் கொண்டாடப் பெருங்கூட்டம் திரண்டது. அதையடுத்து இயற்றப்பட்ட சதித் தடுப்புச் சட்டம், சதியைப் பெருமைப்படுத்துவதையும் குற்றமாக்கியது. விழா எடுப்பது, ஊர்வலம் போவது, நிதி திரட்டுவது, கோயில் கட்டுவது எல்லாம் அதில் அடங்கும். தண்டனை ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, அபராதம் தனி. துக்கத்தில் இருப்பவர்களின் நினைவுரிமையில் அரசு கைவைக்கலாமா என்ற ஆட்சேபம் அற்பமானதல்ல. ஆனால் அந்தச் சட்டம் அழுவதைத் தடுக்கவில்லை. அந்தச் சாவை முன்மாதிரியாக்குவதைத்தான் தடுத்தது. அது நியாயமான தடை.

பழைய கற்களை என்ன செய்வது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. தமிழ்நாட்டில் தீப்பாய்ந்த அம்மன் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். தருமபுரி, செங்கம் பக்கங்களில் பெயர் மறந்துபோன வீரர்கள் வேடியப்பனாக வழிபடப்படுகிறார்கள். தீப்பாய்ந்த அம்மன் கற்களைப் பெயர்த்தெறிந்தால், அந்தப் பெண்கள் வாழ்ந்ததற்கு எஞ்சியிருக்கும் ஒரே தடயமும் போய்விடும். கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், வழிவழியாக வரும் குடும்பம் விளக்கேற்றட்டும். புது மண்டபமும் விழாவும் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது என்ன என்பதை மழுப்பாமல் சொல்லும் பலகை ஒன்று பக்கத்தில் வேண்டும்.